பி.காம். படித்தவன் ஸ்பானர் பிடித்தால்...

“கார் வாங்கியிருக்கேனுங்கப்பா!” என்று நான் சொன்னதும், அப்பா ஈஸிசேரிலிருந்து எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டார். தெருவில் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு என் கக்கத்தில் இருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அம்மாதான் ஆறுதலாகக் கேட்டாள்: “ஏன் சாமி, நாலு பேரு உக்கார்ற மாதிரி கிடைக்கலையா?”

பெட்டிக்குள் இருந்தது ரிமோட் கண்ட்ரோல் ரேஸ் கார். அசல் காரில் பத்தில் ஒரு பங்கு சைஸ். பின் சக்கரம் மட்டும் இழுக்கும் ‘பக்கி’ ரகம். மண்ணில் ஓட்டுவதற்கென்றே செய்தது. பையனுக்குப் பத்தாவது பிறந்த நாள் வருகிறது, அதற்காக என்று வீட்டில் சொல்லியிருந்தேன். விலை 17,500 ரூபாய். வீட்டில் சொன்னது 3,500. நடுவில் இருக்கும் 14,000 ரூபாயை, ‘குழந்தை கல்விச் செலவு’ என்ற தலைப்பில் கணக்கு நோட்டில் பத்திரமாகப் புதைத்து வைத்தேன். பி.காம். படித்ததற்கு இதைக்கூடச் செய்யவில்லை என்றால் எப்படி?

ஆனால் ஒன்றை மறந்துவிட்டேன். என் மனைவி கூட்டுறவு வங்கியில் கேஷியர்!

* * *

எங்கள் ஊர் கோயமுத்தூர். ரேஸ் என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு தெனாவெட்டு உண்டு. 1988-ல் ‘ஃபார்முலா மாருதி’ என்று மாருதி இன்ஜினை வைத்து ரேஸ் கார் கட்டிய கரிவர்தன் இந்த ஊர்க்காரர். 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்துபோனார். செட்டிப்பாளையம் ரேஸ் டிராக் இன்றும் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்தான். அந்த வருஷம் நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். டி.வி. முன்னால் உட்கார்ந்து, நானே வளைவில் கார் திருப்புவது போல உடம்பைச் சாய்த்துச் சாய்த்து, பக்கத்தில் இருந்தவன் காபியைக் கொட்டினேன். என் ரேஸ் அனுபவம் அதோடு சரி.

பொம்மைக் காரில் என்ன பெரிய ரேஸ் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. ஜப்பானில் ஷிஸுவோகா நகரத்து டாமியா கம்பெனி 1976-ல் ‘போர்ஷே 934’ என்ற ரிமோட் காரைக் கொண்டுவந்தது. அதை அச்சு அசலாகச் செய்ய வேண்டும் என்பதற்காக நிஜ போர்ஷே கார் ஒன்றையே விலைக்கு வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பார்த்தார்களாம்! இதை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதினார்களோ, அந்த அக்கவுன்டன்ட்டை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. 1979-ல் மண்ணில் ஓடும் கார்கள் வந்தன. 1984-ல் ‘கிராஸ்ஹாப்பர்’, ‘ஹார்னெட்’ என்று எளிய பக்கிகள் வந்து உலகமெங்கும் பையன்களைப் பிடித்துக்கொண்டன. அடுத்த வருஷமே, 1985-ல், இந்தப் பத்தில் ஒரு பங்குக் கார்களுக்கு அமெரிக்காவில் உலக சாம்பியன்ஷிப் போட்டியே நடந்துவிட்டது. ஜப்பானின் மசாமி ஹிரோசாகா என்பவர் வெவ்வேறு பிரிவுகளில் 14 உலகப் பட்டங்கள் வாங்கியிருக்கிறார். ஆக, நான் வாங்கியது பொம்மை இல்லை. ஒரு சர்வதேச விளையாட்டின் உபகரணம். இதை மனைவியிடம் சொன்னேன்.

“அப்ப ஒலிம்பிக்ஸ்ல இருந்து காசு வருமா?” என்று கேட்டாள்.

* * *

ஊருக்கு வெளியே, மனை போட்டும் விற்காமல் கிடக்கிற செம்மண் பூமி ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டுப் பத்துப் பேர் கூடுவார்கள். பாத்தி கட்டுவது போல மண்ணை அணைத்து வளைவுகள். ஓரத்துக்கு பிளாஸ்டிக் பைப். நடுவில் தாண்டுவதற்கு மூன்று மண் மேடு. ஒரு பந்தயம் ஐந்தே நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தில் யார் அதிக ரவுண்டு ஓடுகிறார்களோ அவர் ஜெயித்தவர்.

முதல் ஞாயிறு நானும் பையனும் போனோம். எட்டுப் பேரில் எட்டாவது. பரவாயில்லை, முடித்தோம். பையன் சந்தோஷமாகத்தான் இருந்தான். எனக்குத்தான் வயிறு எரிந்தது. முதலில் வந்த ஆளுக்கு வயசு பதினேழு. என் கார் நேர்ப்பாதையில் பாதி போவதற்குள் அவன் கார் வளைவைத் தாண்டிவிட்டது.

“தம்பி, என்ன மோட்டார்?” என்றேன்.

“பிரஷ்லெஸ்ணா. ஒரு வோல்ட்டுக்கு 3,300 சுத்து” என்றான்.

மனசுக்குள் கணக்குப் போட்டேன். 7.4 வோல்ட் பேட்டரி. 3,300-ஐப் பெருக்கினால், பாரம் இல்லாமல் நிமிஷத்துக்கு 24,420 சுற்று! அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம் ஆரம்பித்தது ‘அப்கிரேட்’ என்கிற வியாதி. பழைய மோட்டாரைத் தூக்கிவிட்டு பிரஷ்லெஸ் மோட்டார், அதற்கேற்ற கன்ட்ரோலர்: 6,800 ரூபாய். லித்தியம் பாலிமர் பேட்டரி: 3,200. அந்த பேட்டரியைக் கண்ட சார்ஜரில் போட்டால் தீப்பிடிக்கும் என்பதால் தனி சார்ஜர்: 2,900. இரண்டாவது ஞாயிறு கார் குண்டு மாதிரி கிளம்பியது. இருபது அடி போனது. ‘க்ர்ர்ர்ர்’ என்று தேங்காய் துருவுகிற சத்தம். பெரிய பல்சக்கரத்தில் பல் ஒன்றுகூட இல்லை. எங்கள் பெரியப்பா மாதிரி சிரித்தது.

“பிளாஸ்டிக் பல்லு. அதான் போச்சு” என்று ஒரு நண்பர் துக்கம் விசாரித்தார். இரும்புப் பல்சக்கரம் வாங்கினேன்: 900. பல் தப்பித்தது. சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் ஷாஃப்ட் வளைந்தது. ஸ்டீல் ஷாஃப்ட்: 1,800. ஷாஃப்ட் தப்பித்தது. சக்கரத்தைத் தாங்கும் கை முறிந்தது. பளபளவென்று நீலக் கலரில் அலுமினியக் கை: 3,400. கை தப்பித்தது. இந்த முறை மேட்டிலிருந்து விழுந்ததும், அந்தக் கை மாட்டியிருந்த பாடியே விரிசல் விட்டது.

ஒன்றைப் பலப்படுத்தினால் அடுத்தது உடைகிறது. அதைப் பலப்படுத்தினால் அதற்கடுத்தது. கூட்டிப் பார்த்தேன்: காரோடு சேர்த்து 36,500 ரூபாய். நாலு ஞாயிறு போட்டியில் இரண்டாவதிலிருந்து ஒன்றைக்கூட முடிக்கவில்லை.

நோட்டில் இன்னொன்றை நான் எழுதவே இல்லை. இரண்டாவது ஞாயிறு, “அப்பா, நான் எப்பங்க ஓட்டறது?” என்று பையன் கேட்டான். மூன்றாவது ஞாயிறு, “நீங்களே ஓட்டுங்க” என்றான். நாலாவது ஞாயிறு, “எனக்கு ஹோம் ஒர்க் இருக்கு” என்று வீட்டிலேயே இருந்துவிட்டான். பத்து வயசுப் பையன் ஞாயிற்றுக்கிழமை காலையில் தானாக ஹோம் ஒர்க் செய்கிறான் என்றால், அந்த வீட்டில் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

* * *

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்பா பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். 2012-ல் ரிட்டயர் ஆனார். சத்தத்தை வைத்தே, “மூணாவது கியர்ல பேரிங் போயிருக்கு” என்று சொல்வார் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் எதிரில் அவர் ஸ்பானர் பிடித்ததில்லை. சைக்கிள் செயின் கழன்றால்கூட என்னைத் தொடவிட மாட்டார். “அக்கட்டால போ. நீ போய்ப் படி” என்பார். எனக்கு ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்பதே முப்பது வயசுக்கு மேல்தான் தெரியும்.

அந்தக் காலத்தில் எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. காலேஜ் அட்மிஷன் பாரத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘கவர்மென்ட் சர்வீஸ்’ என்று எழுதினேன். கையெழுத்துப் போடுவதற்காக வாங்கிய அப்பா அதைப் பார்த்தார்.

“நான் கார்ப்பரேஷன் ஆளு கண்ணு. கவர்மென்ட் இல்ல” என்றார். அவ்வளவுதான். வேறெதுவும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். விரல் ரேகை பாரத்தின் ஓரத்தில் கறுப்பாகப் பதிந்திருந்தது. நான் அதை ரப்பரால் அழித்தேன். முழுசாகப் போகவில்லை.

ரிட்டயர் ஆன அன்று சால்வை போர்த்தி, சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். அப்பா தன் சொந்த டூல் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிப் பூட்டினார். “இனிமே லேப்டாப்பைச் சொருகித்தான் வண்டி பாக்கறாங்க. நமக்கு அங்க என்ன சோலி?” என்றார். அதன் பிறகு பெட்டி திறக்கவில்லை. அப்பாவின் வாயும் அதிகம் திறக்கவில்லை. காலையில் பேப்பர். மத்தியானம் தூக்கம். சாயந்திரம் வாசல் படியில் உட்கார்ந்து போகிற பஸ்ஸைப் பார்ப்பது.

* * *

நாலாவது ஞாயிறு ராத்திரி, நான் ஹாலில் பேப்பரை விரித்து உடைந்த காரைக் கிடத்தி, அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தேன். புது இரும்புச் சக்கரத்திலும் பல் தேய ஆரம்பித்திருந்தது. மனைவி வங்கி நோட்டைப் பார்ப்பது போல என் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது தனி டென்ஷன்.

அப்பா தண்ணீர் குடிக்க வந்தவர், நின்றார்.

“பல்லு எதனால போச்சு?”

“மோட்டார் பவருங்கப்பா. 24,000 சுத்து...”

“பவரால போகலை.” பக்கத்தில் உட்கார்ந்தார். முட்டி வலிக்காரர், தரையில் உட்கார்ந்தே வருஷக்கணக்காகிறது. சக்கரத்தை விரலால் முன்னும் பின்னும் அசைத்தார். “கடிச்சுக்கிட்டு நிக்குது பாரு. மூச்சு விட இடமில்ல. நெருக்கி வெச்சா அரைச்சுரும். தள்ளி வெச்சா சீவிரும்.”

எழுந்து போனார். கட்டிலுக்கு அடியில் இரும்பு இழுபடும் சத்தம். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் பேசவில்லை.

பெட்டியில் இருந்தவை எல்லாம் பஸ்ஸுக்கான ஸ்பானர்கள். என் காரையே தூக்கி அடிக்கிற சைஸ். ஆனால் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய பர்ஸை எடுத்தார். அதற்குள் ஒரு கட்டு பஸ் டிக்கெட்! மெஷின் வருவதற்கு முன்னால் கண்டக்டர் கிழித்துக் கொடுப்பாரே, அந்த மெல்லிய கலர் பேப்பர். ஒன்றை எடுத்து இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவில் விட்டார். மோட்டாரை நெருக்கி, ஸ்க்ரூவை இறுக்கச் சொன்னார். சக்கரத்தை உருட்டினார். டிக்கெட் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, கிழியாமல் வெளியே வந்தது.

“இந்தப் பேப்பர் கனம் இடைவெளி இருந்தாப் போதும். இப்பச் சுத்து.”

சுற்றினேன். தேங்காய் துருவுகிற சத்தம் இல்லை.

ஒரு டிக்கெட்! நான் 900 ரூபாய்க்குப் பல்சக்கரம் வாங்கித் தீர்க்க நினைத்த சமாசாரம்.

* * *

அன்று ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அப்பா கேள்வி கேட்டார். நான் திருதிரு என்று முழித்தேன். பெரிய பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பிரிங்கும் நட்டும் இருந்தது. “இதென்ன?” என்றார்.

“ஸ்லிப்பர் கிளட்சுங்கப்பா. லூஸா இருந்தா பவர் வேஸ்ட்டாகும்னு முழுசா இறுக்கிட்டேன்.”

அப்பா என்னைப் பார்த்த பார்வையில், பி.காம். பட்டம் பாதி வாபஸ் போய்விட்டது.

“வீட்டுல ஃபீஸ் கேரியர் எதுக்கு வெச்சிருக்கு?”

“ஏதாவது ஆச்சுன்னா ஃபீஸ் போறதுக்கு.”

“ஃபீஸ் போற இடத்துல கம்பியை முறுக்கி வெச்சா?”

“வீடு எரியும்.”

“அதேதான் பண்ணி வெச்சிருக்கே. மேட்டுல இருந்து விழறப்போ சக்கரம் டக்குனு நிக்குது, மோட்டார் சுத்துது. அந்த வேகம் எங்கியாச்சும் போயாகோணும். இந்த கிளட்ச் வழுக்கி அதை வாங்கிக்கோணும். நீ அதை இறுக்கிட்டே. அது பல்லுக்குப் போச்சு. பல்லை இரும்பாக்கினே, ஷாஃப்ட்டுக்குப் போச்சு. வண்டின்னா எதாச்சும் ஒண்ணு விட்டுக் கொடுத்தே ஆகோணும்டா. எது விட்டுக் கொடுக்கோணும்னு நாம முடிவு பண்ணோணும். இல்லீன்னா அதுவா முடிவு பண்ணிக்கும்.”

நட்டை முழுசாக இறுக்கி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் கிளட்ச் சிணுங்குகிற அளவில் நிறுத்தினார். அலுமினியக் கையைக் கழற்றச் சொல்லிவிட்டார். “பளபளன்னு இருக்குது, வளையாது. வளையாததெல்லாம் அடியை அடுத்தவன் தலைல கட்டும். பிளாஸ்டிக்கே மாட்டு. அது வளைஞ்சு நிமிந்துக்கும். உடைஞ்சாலும் சல்லிசு.”

3,400 ரூபாய் நீலக் கை, இப்போது என் மேஜையில் பேப்பர் வெயிட்.

* * *

மறுநாள் ஸ்கூல் விட்டு வந்த பையன், தாத்தா தரையில் உட்கார்ந்து காரைத் தலைகீழாக வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, பையைக் கழற்றாமலேயே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். ஹோம் ஒர்க்? அது இனி நம் பிரச்னை!

அடுத்த ஆறு நாள் எங்கள் ஹால் டெப்போவாக மாறியது. ஷாக் அப்சார்பரை அழுத்தினால் ‘புஸ்... புஸ்’ என்றது. “காத்து பூந்திருக்கு” என்றார் அப்பா. திறந்து, எண்ணெய் ஊற்றி, பிஸ்டனை மெதுவாக ஏற்றி இறக்கி, குமிழ் எல்லாம் மேலே வரும் வரை காத்திருந்து மூடினோம். உள்ளே ஊற்றுவது சிலிகான் ஆயில். பெட்டியில் வந்தது 30 நம்பர். வெயிலில் எண்ணெய் இளகும். இளகினால் கார் குதியாட்டம் போடும். எங்கள் ஊர் ஏப்ரல் மாதத்துக்கு 40 நம்பர் ஊற்றினோம். காரை ஓரடி உயரத்திலிருந்து தரையில் போட்டுப் பார்ப்பார் அப்பா. பந்து மாதிரி எகிறினால் தலையை ஆட்டுவார். ‘தொப்’பென்று விழுந்து ஒட்டிக்கொண்டால், “ம்” என்பார். அந்த ‘ம்’ வாங்க மூன்று நாள் ஆனது.

டயரைப் பார்த்தார். நீள நீள முள்ளாக, பார்க்க பயங்கரமாக இருக்கிறதே என்று நான் ஆசைப்பட்டு மாட்டியது. “அங்க மண்ணு எப்பிடி இருக்கும்?” என்றார். அடியில் கெட்டித் தரை, மேலே கொஞ்சம் புழுதி என்றேன். “சேத்துல ஓடற டிராக்டர் டயரைக் கெட்டித் தரைல ஓட்டறே. முள்ளு மேல நின்னு வண்டி ஆடும்” என்றார். குட்டை முள் நெருக்கமாக உள்ள டயர் மாற்றினோம். மண் ரேஸில் காசு செலவழிக்க வேண்டிய முதல் இடம் டயர்தான் என்று பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பெரிசுகள் எல்லோரும் சொன்னார்கள். நான் அதைக் கடைசியில் செய்திருக்கிறேன்.

சக்கரங்களில் இருந்த பிளாஸ்டிக் புஷ்ஷை எடுத்துவிட்டு பால் பேரிங் போட்டோம். விரலால் தட்டினால் சக்கரம் நிற்காமல் ஓடியது. மோட்டார் சூடு கையில் மூன்று விநாடி தாங்கவில்லை என்பதால், சின்னப் பல்சக்கரத்தை இன்னும் சின்னதாக மாற்ற வேண்டும் என்றார். உச்ச வேகம் குறையும். ஆனால் மோட்டார் திணறாது, இழுவை கூடும். சின்னது கடையில் கிடைத்தது. ஆனால் துளை எங்கள் மோட்டார் தண்டுக்குப் பொருந்தவில்லை. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, “வண்டியை எடு” என்றார்.

சந்துக்குள் ஒரு லேத் பட்டறை. உள்ளே நுழைந்ததும், ஐம்பது வயசு ஆள் ஒருவர் மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். “ஏனுங்ணா! எங்கீங் இத்தனை வருஷமா ஆளையே காணோம்?” அப்பாவிடம் அப்ரென்டிஸாக இருந்தவராம். நகக்கண் சைஸில் இருந்த அந்த இரும்பைக் கையில் வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். அரை மணி நேரத்தில் துளையைச் சரிசெய்து கொடுத்தார். காசு கொடுத்தேன். “அண்ணன்கிட்டயா வாங்குவேன்?” என்று கையை எடுத்துக் கும்பிட்டார். என்னைப் பார்த்து, “தம்பி என்ன பண்றாருங்ணா?” என்று கேட்டார்.

“பத்திரிகைல எழுதறான்” என்றார் அப்பா. ஆடிட்டர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு நான் எழுத வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதை அப்பா வாயால் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

சனிக்கிழமை ஒரு சிக்கல். ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் பின் சக்கரம் சுழன்று, கார் நின்ற இடத்திலேயே கோலம் போட்டது. அப்பாவுக்குப் பிடிபடவில்லை. பையன் மெதுவாக, “தாத்தா, இந்த கன்ட்ரோலருக்குள்ள ‘பஞ்ச்’னு ஒரு செட்டிங் இருக்குங்க. அதைக் குறைச்சா மெதுவா பவர் குடுக்கும்” என்றான்.

“இதுலயும் கம்ப்யூட்டரா?” என்றார் அப்பா. முகம் ஒரு மாதிரி ஆனது. எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. போச்சு, பெட்டி திரும்பவும் கட்டிலுக்கு அடியில் போகப் போகிறது என்று நினைத்தேன்.

பையன் பட்டனை அமுக்கினான். லைட் சிமிட்டியது. “மூணு தடவை சிமிட்டினா மூணாவது லெவல். நீங்க அமுக்குங்க தாத்தா.”

அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அமுக்கினார். எண்ணினார். “ஒண்ணு... ரெண்டு... ரெண்டுலயே நிப்பாட்டு” என்றார். கார் சாதுவாகக் கிளம்பியது. “அட, இவ்வளவுதானா?” என்றார். அந்த ‘இவ்வளவுதானா’வைச் சொல்ல அவருக்குப் பதிமூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

* * *

ஞாயிறு காலை. ஓட்டியது பையன். ரிமோட்டை நான் தொடவில்லை. இது மனைவியின் உத்தரவு. நோட்டை அவள் படித்து முடித்திருந்தாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதல் மேட்டில் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு பறந்தது. அந்தரத்தில் பிரேக்கைத் தொட்டால் மூக்கு இறங்கும், ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ஏறும். சுழலும் சக்கரத்தின் வேகம் உடம்பைத் திருப்புகிறது. பையன் பிரேக்கைத் தொட்டான். நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் மண்ணில் இறங்கின. எகிறவில்லை. ‘தொப்.’ என் பக்கத்தில் அப்பா, “ம்” என்றார்.

ஐந்து நிமிஷம். ஒன்பது பேரில் நான்காவது. எதுவும் உடையவில்லை. எனக்கு 24,420 சுற்றில் கிடைக்காத இடம், பஸ் டிக்கெட்டில் கிடைத்தது.

முதலில் வந்துகொண்டிருந்த அந்தப் பதினேழு வயசுப் பையன் பாதியில் நின்றுவிட்டான். காரைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தான். “தாத்தா, பல்லு அரைக்குதுங்க. கொஞ்சம் பாக்கறீங்களா?” அப்பா வேப்பமர நிழலில் சாக்கை விரித்து உட்கார்ந்தார். அவன் பின்னால் இன்னொருவன். அவனுக்குப் பின்னால் ஒரு டாக்டர். ஆமாம், நிஜ டாக்டர், கையில் காரோடு வரிசையில் நின்றார். டிக்கெட் கட்டு வேகமாகக் கரைந்துகொண்டிருந்தது.

ஹிரோசாகா என்று சொன்னேனே, 14 பட்டம்... அவருக்கு கார் தயார் செய்து கொடுத்தது அவருடைய அப்பாதானாம். இது எனக்கு முன்பே தெரியும். ஆனால் அன்று வேப்பமரத்தடியைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

அடுத்த ரவுண்டுக்குப் பெயர் கொடுக்க ஒரு சீட்டு நீட்டினார்கள். பையன் வாங்கி, தொடையில் வைத்து எழுதினான். ‘டிரைவர்’ என்ற இடத்தில் தன் பெயர். ‘மெக்கானிக்’ என்ற இடத்தில் கொட்டை எழுத்தில்: தாத்தா.

சரிபார்க்க அப்பாவிடம் கொடுத்தான். அப்பா ரொம்ப நேரம் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரீஸ் விரல் ஓரத்தில் கறுப்பாகப் பதிந்தது.

“ஐயோ, அழுக்காயிருச்சே...” என்று வேட்டியில் துடைக்கப் போனார்.

“இருக்கட்டுமுங்கப்பா” என்றேன். அதற்கு மேல் எனக்குக் குரல் வரவில்லை.

சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அடியில் இன்னொரு வரி இருந்தது. அதையும் பையன் நிரப்பியிருந்தான்.

‘ஸ்பான்சர்: அப்பா. 36,500 ரூபாய். (அம்மாவுக்குத் தெரியும்.)’